கரப்பான் கண்ட பிள்ளைக்கு எந்தச் சவுக்காரம் கொடுப்பது?



நமது சங்க இதழில் கணக்கு வைக்கும் முறை பற்றியும், சரக்குப் பிடிக்கும் விஷயம் பற்றியும் பெரியவர்கள் பலர் எழுதுகிறார்கள். நாம் இம்முறை துணி துவைக்கும் சவுக்காரத்தைப் பற்றி எழுத முன்வந்திருக்கிறோம். இதில் எழுத என்ன இருக்கிறது என்று சிலர் நகைக்கக் கூடும். சில வருஷங்களுக்கு முன்பு வரை நாமும் அப்படித்தான் எண்ணியிருந்தோம். அரிசியிலும் பருப்பிலும் நல்லது கெட்டது பார்க்கத் தெரிந்த நமக்கு, நம் கடையின் ஒரு பக்கச் சுவர் முழுவதும் அடுக்கியிருந்த சலவைத் தூளிலும் திரவத்திலும் என்ன இருக்கிறதென்று தெரியாது. தெரியாமலே விற்றோம். தெரியாமலே ஆலோசனையும் சொன்னோம். அதனால் விளைந்ததை முதலில் சொல்லிவிடுகிறோம்.

நமது பினாங்குக் கடைக்கு வாடிக்கையாக வரும் ஒரு தாய் ஒருநாள் கல்லா அருகில் நின்று, "நானா, புள்ளைக்கு ராத்திரியெல்லாம் அரிப்பு. சொறிஞ்சு சொறிஞ்சு ரத்தமா வருது. சவுக்காரம்தான் ஒத்துக்கலன்னு மாமி சொல்றாங்க. விலை கூடினாலும் பரவாயில்லை, நல்லதா ஒண்ணு கொடுங்க" என்று கேட்டார். பிள்ளைக்கு நான்கு வயது. நாம் தட்டைப் பார்த்தோம். குழந்தைப் படம் போட்ட, ரோஜா நிறத் திரவம் ஒன்று இருந்தது. அதை எடுத்துக் கொடுத்தோம். மூன்று வாரம் கழித்து, குணமில்லை என்றார். பச்சை இலையும் பூவும் அச்சிட்டு, இயற்கைச் சரக்கு என்று எழுதியிருந்த ஒன்றைக் கொடுத்தோம். பிறகு மறுபடியும் வந்தார். கிருமியைக் கொல்லும் என்று போட்டிருந்ததைக் கொடுத்து, துணி மெத்தென்று இருந்தால் பிள்ளைக்கு உறுத்தாது என்று சொல்லி, மெதுவாக்கும் திரவத்தையும் சேர்த்து விற்றோம். மொத்தத்தில் எண்பது வெள்ளிக்கு மேல் ஆயிற்று. நல்ல வியாபாரம் என்று மனதுக்குள் மகிழ்ச்சி வேறு.

நான்காம் முறை அவர் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வந்தார். முழங்கை மடிப்பும் கழுத்தும் செக்கச் சிவந்து, சில இடங்களில் நீர் கசிந்து, மஞ்சளாகப் பொருக்குக் கட்டியிருந்தது. பிள்ளை நம் கண்ணெதிரேயே கழுத்தைச் சட்டைக் காலரோடு சேர்த்துத் தேய்த்துக்கொண்டான். அந்தக் காலரிலிருந்து வந்த மணம் நாம் விற்ற திரவத்தின் மணம். அதை நாம் மறக்கவில்லை. அன்றைய தினமே அவரை வைத்தியரிடம் போகச் சொன்னோம். பிறகு நாமும் நமக்குத் தெரிந்த ஒரு தோல் வைத்தியரிடம் சென்று, படிக்க வேண்டியதைக் கேட்டுப் படித்தோம். அப்படி அறிந்துகொண்டதையே இங்கே எழுதுகிறோம்.

கரப்பான் என்று நாம் பொதுவாகச் சொல்வதை வைத்தியர்கள் எக்ஸிமா என்கிறார்கள். சிங்கப்பூரில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளைக் கேட்டறிந்து 2002ல் வெளியிட்ட ஆய்வில், ஏறக்குறைய ஐந்தில் ஒரு பிள்ளைக்கு இது இருந்ததாகக் கண்டார்கள். ஆகவே நம் கடைக்கு வரும் குடும்பங்களில் இது எங்கோ ஒரு வீட்டில் மட்டும் இருக்கும் வியாதி அல்ல.

மேல்தோலை ஓடு வேய்ந்த கூரைக்கு ஒப்பிடலாம். தோலின் மேலடுக்குச் செல்கள் ஓடுகள். அவற்றின் இடையே உள்ள கொழுப்பு சாந்து. உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போகாமலும், வெளியே இருக்கும் காரமும் தூசியும் உள்ளே நுழையாமலும் இக்கூரை காக்கிறது. சில பிள்ளைகளுக்குப் பிறப்பிலேயே இக்கூரை பலவீனமாக அமைந்து விடுகிறது. ஸ்காட்லாந்தின் டண்டீ நகர ஆராய்ச்சியாளர்கள் 2006ல் இதற்கு ஒரு முக்கியக் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். தோலின் மேலடுக்கை இறுக்கிப் பிடிக்கும் ஃபிலாக்ரின் என்ற புரதத்தை உண்டாக்கும் மரபணுவில் குறை இருந்தால் கரப்பான் வரும் வாய்ப்பு அதிகம் என்பதே அது. கரப்பான் உள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் அந்தக் குறை இருப்பதில்லை. ஆனாலும் வியாதியின் வேர் பிள்ளையின் தோலிலேயே இருக்கிறது என்பதை அது தெளிவாகக் காட்டியது. மாமி சொன்னது போலச் சவுக்காரத்தினால் கரப்பான் பிறப்பதில்லை. ஆனால் ஓடு விலகிய கூரையில் சிறு தூறலும் ஒழுகும். பிறர் தோல் கண்டுகொள்ளாத சிறு காரமும் இப்பிள்ளையின் தோலில் எரியும், அரிக்கும். சொறியச் சொறியக் கூரை இன்னும் கெடும்.

சவுக்காரம் காரமா இல்லையா என்பதை பி.எச். என்னும் அளவால் அளக்கிறார்கள். அதில் 7 நடு. அதற்குக் கீழே புளிப்பு, மேலே காரம். ஆரோக்கியமான தோல் ஏறக்குறைய 5ல், சிறிது புளிப்பாக இருக்கிறது. கட்டிச் சவுக்காரம் கரைந்த தண்ணீர் 9, 10 என்று நிற்கும். துணியில் அது தங்கிவிட்டு, நம் ஊர் வெயிலில் பிள்ளை வியர்த்து நனைந்தால், அந்தக் காரம் மறுபடி கரைந்து தோலில் பூசியது போலாகும். குளிர்நாட்டுப் பிள்ளையைவிட நம் பிள்ளை அதிகம் வியர்க்கிறது என்பதால் இதை நாம் அதிகமாகவே கவனிக்க வேண்டும்.

முன்காலத்தில் இவையெல்லாம் இல்லையே, அப்போது பிள்ளைகளுக்கு எப்படி இருந்தது என்று சிலர் கேட்பார்கள். ஊரில் சலவைத் தொழிலாளர்கள் உவர்மண்ணும் சோடாக்காரமும் இட்டு வெள்ளாவி வைத்தார்கள். அதுவும் காரம்தான். ஆனால் அவர்கள் ஓடும் ஆற்றில் அலசினார்கள். இங்கே நம் பினாங்கு ஆயர் ஈத்தாம் சாலையோரத்து டோபி காட்டிலும், சிங்கப்பூரில் பெயர் மட்டும் மிஞ்சியிருக்கும் டோபி காட்டிலும், நீரோட்டத்தை நம்பித்தான் தொழில் நடந்தது. அலசலுக்குத் தண்ணீர்க் குறை இல்லை. இப்போது வீட்டுக்குள் இருக்கும் இயந்திரம் தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழிக்கிறது. தூளோ முன்னைவிடக் கூர்மையானது.

பழையது என்பதால் குற்றமற்றது என்றும் எண்ண வேண்டாம். யாருடைய துணி என்று அடையாளமிட, சலவைத் தொழிலாளர்கள் சேராங்கொட்டையின் சாற்றால் குறி போடுவது வழக்கம். அந்தக் குறி பட்ட இடத்தில், கழுத்திலும் இடுப்பிலும், சிலருக்குக் கொப்புளம் எழும்பும். இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவில் தங்கியிருந்த போர்வீரர்களுக்கு இப்படி வந்ததை அமெரிக்க மருத்துவர்கள் 1943ல் எழுதி வைத்தார்கள். சேராங்கொட்டை காட்டில் விளைந்த சுத்தமான இயற்கைச் சரக்கு! இலையும் பூவும் போட்ட பொட்டலத்தை எடுத்துக் கொடுத்த நமக்கு இதைப் படித்தபோது வெட்கமாக இருந்தது.

இந்தக் குறியின் கதையிலிருந்து இன்னொரு விஷயமும் விளங்கும். தோல் இரண்டு விதமாகக் கெடுகிறது. காரம் பட்டு எரிவது ஒன்று. அளவு கூடினால் யாருக்கும் வரும், அளவு குறைந்தால் குறையும். மற்றது ஒவ்வாமை. ஒரு குறிப்பிட்ட பொருளை உடம்பு பகையாளியாக அடையாளம் கண்டு வைத்துக்கொள்கிறது. பிறகு அப்பொருள் சிறிதளவு பட்டாலும் சிவந்து தடிக்கிறது. காரத்துக்கு அளவைக் குறைப்பதும் நன்றாக அலசுவதும் பரிகாரம். ஒவ்வாமைக்கு அப்பொருளையே விலக்குவதுதான் பரிகாரம். எப்பொருள் என்பதை வைத்தியர் முதுகில் சிறு சிறு ஒட்டுகள் இட்டுப் பரிசோதித்துச் சொல்வார். கடைக்காரர் ஊகத்தால் சொல்லக் கூடாது.

இனிப் பொட்டலத்துக்குள் இருப்பதைப் பார்ப்போம்.

முதலில் விலக்க வேண்டியது மணம். அழுக்கு நீங்குவதற்கும் மணத்துக்கும் சம்பந்தமே இல்லை. விற்பனைக்காகச் சேர்ப்பது அது. துணி காய்ந்த பின்னும் நாள்கணக்கில் மணக்க வேண்டும் என்பதற்காக, துணியைவிட்டுப் போகாதபடியே அதை அமைக்கிறார்கள். மணப்பொருள் என்று ஒரே சொல்லில் போட்டிருப்பதற்குள் பத்துப் பொருளும் இருக்கலாம், ஐம்பதும் இருக்கலாம். லினலூல், லிமோனீன் போன்ற சில காற்றுப்பட்டு மாறுதலடைந்த பிறகு ஒவ்வாமையை உண்டாக்கக் கூடியவை. ஐரோப்பிய நாடுகள் 2004ல் சலவைப் பொருள்களுக்கு ஒரு சட்டம் செய்தன. அதில் ஒவ்வாமை உண்டாக்கக் கூடிய 26 மணப்பொருள்களைக் குறித்து, அவற்றில் எது நூற்றில் 0.01 பங்குக்கு மேல் இருந்தாலும் பொட்டலத்தில் பெயரை எழுத வேண்டும் என்று விதித்தார்கள். அங்கிருந்து வரும் சரக்கின் பின்பக்கத்தைப் படித்தால் இப்பெயர்களைக் காணலாம். லாவெண்டர், எலுமிச்சை எண்ணெய் ஆகியவை செடியிலிருந்து எடுத்தவையாயினும் இதே பொருள்களைக் கொண்டவை.

இங்கே ஒரு நுட்பம். வாசனை தெரியாது என்று எழுதியிருப்பதும், மணப்பொருள் சேர்க்கவில்லை என்று எழுதியிருப்பதும் ஒன்றல்ல. முதல் வகையில், சவுக்காரத்தின் இயற்கை நாற்றத்தை மறைக்க இன்னொரு மணப்பொருளைச் சேர்த்திருக்கலாம். மூக்குக்குத் தெரியாது, தோலுக்குத் தெரியும். கரப்பான் உள்ள பிள்ளைக்கு இரண்டாவது வகையே வேண்டும்.

அடுத்தது, நாம் பெருமையாகச் சேர்த்து விற்ற மெதுவாக்கும் திரவம். சவுக்காரம் அழுக்கோடு தண்ணீரில் போய்விட வேண்டியது. போகாமல் மிஞ்சினால் அது நம் குற்றம். மெதுவாக்கும் திரவமோ துணியில் தங்குவதற்கென்றே செய்தது. நூலின் மேல் வழுவழுப்பாகப் படிந்து, கூடவே மணத்தையும் பிடித்து வைப்பதுதான் அதன் வேலை. பிள்ளையின் தோலோடு நாள் முழுதும் உரசுவது அதுவே. கரப்பான் உள்ள வீட்டில் எதை நிறுத்துவது என்று கேட்டால், சவுக்காரத்தை மாற்றுவதற்கு முன் இதை நிறுத்தச் சொல்லலாம். செலவும் மிச்சம். நமக்கு ஒரு போத்தல் விற்பனை குறையும். குறையட்டும்.

தூளா, திரவமா என்ற கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை. தூள் பொதுவாகக் காரம் மிகுந்தது. குளிர்ந்த தண்ணீரில் முழுதும் கரையாமல் தையல் ஓரத்திலும் பையிலும் மணலாகத் தங்கும். திரவம் எளிதில் கரையும், எளிதில் அலசுப்படும். ஆனால் தண்ணீர் கலந்த எதுவும் கெட்டுப் போகாமலிருக்க மருந்து சேர்க்க வேண்டும். அவ்வாறு சேர்க்கும் மெத்தில்ஐசோதயசோலினோன் என்ற பொருளால் ஒவ்வாமை பெருகியதைக் கண்டு, அமெரிக்கத் தோல் ஒவ்வாமை மருத்துவர் சங்கம் 2013ஆம் ஆண்டின் ஒவ்வாமைப் பொருள் என்று அதையே அறிவித்தது. இயந்திரத்தில் நன்கு அலசிய துணியில் அது மிஞ்சுவது குறைவு. கையால் துவைக்கும் தாயின் விரல்களுக்குத்தான் தொல்லை அதிகம். ஆகவே பெரும்பாலான வீடுகளுக்கு மணமில்லாத திரவம் ஏற்றது. இந்தப் பாதுகாப்பு மருந்துக்கு ஒவ்வாமை என்று வைத்தியர் கண்டு சொன்ன வீட்டுக்கு, மணமில்லாத தூளை வெந்நீரில் முன்பே கரைத்து ஊற்றலாம். கட்டியை வைத்துக் கையால் தேய்க்கும் வழக்கமுள்ள வீட்டில், காரம் நீங்கும் மட்டும் மூன்று நான்கு தண்ணீர் மாற்றியாக வேண்டும்.

என்சைம் பற்றி வாடிக்கையாளர்கள் அஞ்சுவதுண்டு. இரத்தம், பால், குழம்பு போன்ற கறைகளைச் செரித்துக் கரைக்கும் பொருள் இது. 1913லேயே ஜெர்மானிய வேதியியலாளர் ஓட்டோ ரோம் இதற்குக் காப்புரிமை பெற்றார். பிறகு 1969ல், பிரிட்டனில் இத்தூளைச் செய்யும் ஆலைத் தொழிலாளர்கள் அதைச் சுவாசித்து மூச்சு நோய்க்கு ஆளான செய்தி மருத்துவ இதழில் வந்தது. அதன் பின் என்சைமைத் தூசியாகப் பறக்காதபடி மணிமணியாகப் பூச்சிட்டுச் சேர்க்கத் தொடங்கினார்கள். அந்தப் பயம் வீடுகளில் தோல் பயமாக மாறித் தங்கிவிட்டது. துவைத்து அலசிய துணியை அணிவதால் கரப்பான் கூடுகிறதா என்று டென்மார்க்கில் 1998ல் நோயாளிகளிடமே சோதித்துப் பார்த்தபோது, என்சைம் உள்ள தூளுக்கும் இல்லாத தூளுக்கும் வித்தியாசம் காணவில்லை. சிறிய சோதனைதான். ஆயினும் பழி சுமத்த ஆதாரம் இல்லை என்பது அதனால் தெரிகிறது. பிரிட்டிஷ் சரக்கில் பயோ, நான்-பயோ என்று இரண்டு வகை வருவது இந்த என்சைமைக் குறித்ததே. நான்-பயோ என்பதற்காகக் கூடுதல் விலை கொடுத்து வாங்கும் தாய்மார், அதிலும் மணம் சேர்த்திருக்கிறதா என்று பார்ப்பதில்லை. நாம் பார்த்துச் சொல்லலாம்.

துணிக்குப் பளிச்சென்ற வெண்மை தரும் பொருளும், நிறமும் தோலுக்கு எப்பிரயோஜனமும் இல்லாதவை. இல்லாத சரக்கு கிடைத்தால் எடுத்துக்கொள்ளலாம். கிடைக்காவிட்டால் அதற்காக அலைய வேண்டியதில்லை.

பொட்டலத்தின் முன்பக்கத்தில் எழுதியிருக்கும் சொற்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் நாம் ஏமாந்ததும், பிறரை ஏமாற்றியதும் அங்கேதான். ஹைப்போ-அலர்ஜெனிக் என்று ஒரு சொல் உண்டு. ஒவ்வாமை குறைந்தது என்று பொருள். அமெரிக்க அரசாங்கத்தின் மருந்து உணவுத் துறை, அழகுப் பொருள்களில் இச்சொல்லைப் போட வேண்டுமானால் சோதித்து நிரூபிக்க வேண்டும் என்று 1975ல் விதி செய்தது. கம்பெனிகள் வழக்குத் தொடுத்தன. 1977ல் மேல் நீதிமன்றம் அவ்விதியைத் தள்ளுபடி செய்துவிட்டது. அதற்குப் பிறகு அந்நாட்டில் இச்சொல்லுக்கு அரசாங்கம் வகுத்த அளவுகோல் எதுவும் கிடையாது. அதாவது எழுதுகிறவர் எண்ணியதே பொருள். குழந்தைக்கு ஏற்றது, மென்மையானது, வைத்தியர் சோதித்தது என்பவையும் அவ்விதமே. எத்தனை பேரிடம் சோதித்தார்கள், சோதித்தபோது என்ன கண்டார்கள் என்பது அதில் இருக்காது. குழந்தைப் படம் போட்ட திரவங்களில் பல, பெரியவர்களுடையதைவிட இனிமையாக மணக்கின்றன. குழந்தை மணம் என்று நாம் எண்ணிக்கொண்டிருப்பதே கம்பெனி கலந்து அனுப்பிய மணம்தான்.

ஆகவே முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் படிக்க வேண்டும். மணப்பொருள் என்ற சொல் பொருள் வரிசையில் இல்லாமலிருக்கிறதா என்பதே முதற் கேள்வி. சில பொட்டலங்களில் பொருள் வரிசையே இராது. அப்படிப்பட்டதைக் கரப்பான் உள்ள வீட்டுக்கு நாம் இப்போது எடுத்துக் கொடுப்பதில்லை. இக்கட்டுரையில் எந்த மார்க்கையும் நல்லதென்றோ கெட்டதென்றோ நாம் குறிப்பிடவில்லை. நாமும் விற்பவர் என்பது ஒரு காரணம். ஒரே பெயரில் ஒரு நாட்டில் வருவதும் இன்னொரு நாட்டில் வருவதும் ஒரே கலவையாக இருப்பதில்லை என்பது இன்னொரு காரணம்.

நல்ல சரக்கை எடுத்துக் கொடுத்தால் பாதி வேலைதான் முடிந்தது. மீதி வீட்டில் இருக்கிறது. நம் தாய்மார் நுரையைச் சுத்தம் என்று எண்ணுகிறார்கள். பிள்ளைக்கு நோய் என்றதும் இன்னும் சுத்தமாகத் துவைக்க வேண்டும் என்று ஒரு மூடிக்கு இரண்டு மூடி ஊற்றுகிறார்கள். நமது நாட்டுக் குழாய்த்தண்ணீர் பெரும்பாலும் சுண்ணாம்பு குறைந்த மென்னீர். லண்டன் போன்ற ஊர்களின் கடினநீரில் சவுக்காரத்தின் ஒரு பகுதியைச் சுண்ணாம்பே தின்றுவிடும். அங்கு வேண்டியிருக்கும் அளவு இங்கு வேண்டாம். மென்னீருக்கு எவ்வளவு என்று பொட்டலத்தில் தனியாகப் போட்டிருந்தால் அதையே பார்க்க வேண்டும். அதிக அழுக்கில்லாத பிள்ளைத் துணிக்குப் போட்டிருக்கும் அளவில் பாதி போதும் என்பது நம் வீட்டில் செய்து பார்த்த அனுபவம்.

துணியில் சவுக்காரம் தங்கியிருக்கிறதா என்று அறிய ஒரு எளிய வழி உண்டு. துவைத்துக் காய்ந்து மடித்து வைத்திருக்கும் சட்டை ஒன்றை எடுத்து, சுத்தமான வாளியில் வெறும் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, அதில் போட்டு நன்றாகக் கசக்குங்கள். தண்ணீர் கலங்கி நுரை கட்டினால், அந்தச் சட்டையை அணிந்த பிள்ளை அதைத்தான் உடம்பில் பூசிக்கொண்டிருந்தது. நம் வீட்டாரிடம் இதைச் சொன்னபோது, நம் வீட்டுத் துணி அப்படி இராது என்றார்கள். நம்முடைய சட்டையையே போட்டுப் பார்த்தோம். நுரை வந்தது. அன்று முதல் மூடி பாதியாயிற்று. இயந்திரத்தில் இன்னொரு அலசலுக்குரிய பொத்தானையும் அழுத்துகிறார்கள். இயந்திரத்தைத் துணியால் திணித்து நிரப்பினால் எத்தனை அலசல் வைத்தாலும் பயனில்லை. கை நுழைய இடம் விட்டுப் போட வேண்டும். நாணயம் போட்டுத் துவைக்கும் டோபிக் கடைகளில் சிலவற்றில் சவுக்காரமும் மெதுவாக்கும் திரவமும் இயந்திரத்திலேயே தானாகக் கலந்து வரும். அதை நிறுத்த வழியிருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு போடுவது நல்லது.

பிள்ளையின் சட்டையை மட்டும் தனியாகத் துவைத்துவிட்டு, அவன் முகம் புதைத்துத் தூங்கும் தலையணை உறையையும், தூக்கி வைத்துக்கொள்ளும் உம்மாவின் துப்பட்டியையும் மணக்க மணக்கத் துவைத்தால் என்ன பயன்? வீட்டுக்கு ஒரே சவுக்காரமாக வைத்துக்கொள்வதே சரி.

ஜவுளி வியாபாரம் செய்யும் சகோதரர்களுக்கும் இதில் சொல்ல வேண்டியது உண்டு. சுருங்காத துணிக்குப் போடும் பதத்தில் ஃபார்மால்டிஹைட் கலந்த பொருள்கள் இருப்பதுண்டு. அடர்ந்த நிறமுள்ள செயற்கை நூல் துணியில் சாயம் சிறிது தளர்ந்திருப்பதுண்டு. பெருநாளைக்கு எடுத்த சட்டையைப் பெருநாள் காலையில்தான் மடிப்புக் கலையாமல் பிரிக்க வேண்டும் என்பது பிள்ளைகளின் ஆசை. கரப்பான் உள்ள பிள்ளைக்கு அதை ஒருமுறை துவைத்து அலசிய பின்பே போட வேண்டும் என்று விற்கும்போதே சொல்லிவிடலாம். கழுத்தில் தைத்த சீட்டை வெட்டிவிடச் சொல்லலாம். கம்பளியும் முரட்டு நூலும் உறுத்தும். மெல்லிய பருத்தி ஏற்றது. கரப்பானுக்கென்று விசேஷப் பட்டு உள்ளாடைகள் அதிக விலையில் வருகின்றன. இங்கிலாந்தில் 300 பிள்ளைகளைக் கொண்டு நடத்தி 2017ல் வெளியிட்ட சோதனையில், வழக்கமான வைத்தியத்தோடு பட்டாடையும் அணிந்த பிள்ளைகளுக்கு, அணியாதவர்களைவிடக் கூடுதல் குணம் காணவில்லை. தண்ணீரை மென்மையாக்கும் கருவியை வீட்டில் பொருத்தி 336 பிள்ளைகளிடம் சோதித்ததிலும் பலன் இல்லை என்று 2011ல் வெளியிட்டார்கள். இவற்றைச் சரக்குப் பிடிப்பதற்கு முன் நாம் அறிந்திருந்தால், விற்க முடியாமல் தேங்கும் நஷ்டமும் இல்லை, விற்றுவிட்டு வருந்தும் கஷ்டமும் இல்லை.

கடை வழக்கத்தில் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பெரிய டின்னில் வரும் மலிவுத் திரவத்தைக் குடிதண்ணீர்ப் போத்தலில் ஊற்றி, சீட்டு ஒட்டாமல் விற்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. நாமும் ஒரு காலத்தில் செய்ததுதான். அதில் என்ன இருக்கிறதென்று வாங்குகிறவருக்கும் தெரியாது, பிள்ளைக்கு ஒவ்வாமை கண்டு வைத்தியர் கேட்டால் சொல்ல வழியும் இல்லை. அதைவிட, பிள்ளை தண்ணீர் என்று எடுத்துக் குடித்துவிடும். மிட்டாய்போல் வழவழவென்று வரும் சலவை உருண்டைகளும் அவ்வாறே ஆபத்தானவை. வாயில் கடித்தாலோ கண்ணில் பீய்ச்சினாலோ பெருந்தீங்கு. அவற்றைக் கீழ்த்தட்டில் வைக்கலாகாது.

மேலே சொன்ன அத்தனையும் செய்தாலும் கரப்பான் போய்விடாது. சவுக்காரம் எரிச்சலைக் குறைக்குமே தவிர வைத்தியம் ஆகாது. ஈரம் காக்கும் பூச்சு மருந்தைக் குளித்தவுடன் தாராளமாகத் தடவுவதும், சிவந்திருக்கும் நாளில் வைத்தியர் எழுதித் தந்த களிம்பைச் சொன்ன அளவில் போடுவதும்தான் வைத்தியம். நம்மிடம் வந்த தாய் இரண்டு மாதம் சவுக்காரம் மாற்றிக்கொண்டே இருந்ததால் அவ்வைத்தியம் தள்ளிப்போயிற்று. இதுதான் நாம் செய்த பெரிய தவறு. எண்பது வெள்ளி அதற்கு அடுத்ததே. மஞ்சள் பொருக்கு, நீர்க் கசிவு, சூடு, காய்ச்சல் ஆகியவை கண்டால் புண்ணில் கிருமி சேர்ந்துவிட்டது என்று பொருள். அன்றே வைத்தியரிடம் போக வேண்டும். ஒரே அளவான சிறு கொப்புளங்கள் கூட்டமாக எழும்பி, வலியெடுத்து, பிள்ளை சோர்ந்து கிடந்தால் இரவென்றும் பாராமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். இதைச் சொல்ல நாம் வைத்தியராக இருக்க வேண்டியதில்லை. கல்லாவில் நிற்கிறவர் சொன்னால் சிலர் கேட்டுக்கொள்வார்கள்.

அந்தப் பிள்ளைக்கு வைத்தியர் கிருமிக்கு மருந்தும், களிம்பும், பூச்சும் கொடுத்தார். சில வாரங்களில் இரவில் தூங்கத் தொடங்கினான். இப்போது பள்ளிக்குப் போகிறான். வெயில் கடுமையான நாள்களில் முழங்கை மடிப்பில் இன்னும் சிவக்கிறது. களிம்பு போட்டால் அடங்குகிறது. அந்தத் தாய் நம்மிடம் கோபித்துக்கொண்டு கடை மாறியிருக்கலாம். மாறவில்லை. நிறமில்லாத, மணமில்லாத, படமில்லாத ஒரு திரவத்தைத்தான் வாங்குகிறார். அதில் நமக்கு நிற்கும் லாபம் மற்றதைவிடக் குறைவு. பாதி மூடிதான் ஊற்றுகிறார் என்பதால் ஒரு போத்தல் இரட்டிப்பு நாள் வருகிறது. அதைக் கண்ணுக்கு நேரான தட்டில் வைத்திருக்கிறோம். கேட்டு வரும் தாய்மாரிடம், வீட்டுக்குப் போனதும் மூடியின் உட்புறத்தில் பாதியளவுக்கு நகப்பூச்சால் ஒரு கோடு போட்டுக்கொள்ளச் சொல்கிறோம். அது அந்தத் தாய் நமக்குச் சொல்லித் தந்த யோசனை.